குசினிதான் மூத்தது

என் கணவருக்கு அந்த வேலை கிடைத்தபோது நாங்கள் ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் அவர் துணிக்கடை வைத்திருந்தவர். சுவரில் ஓர் ஆணியை நேராக அடித்து நான் கண்டதில்லை. நானோ யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டடக்கலைஞரிடம் ஏழு வருடம் படவரைஞராக இருந்தவள். இங்கே என் சான்றிதழை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி திருகும் தொழிற்சாலையில் நின்றேன். பழைய கட்டடங்களைத் திருத்தும் ஒரு போர்த்துக்கேயத் தச்சர் என் கணவரைக் கையாளாகச் சேர்த்துக்கொண்டார். முதல் வேலையே மோர்னிங்சைட் பக்கம் ஒரு பண்ணைவீடு.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பம் காடு வெட்டிக் கட்டிய வீடு அது. நகரசபை அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பதிந்துவைத்திருந்தது.

"யன்னல் எல்லாம் உக்கிப்போச்சுதப்பா. ஆனாப் புதுசு போட விடமாட்டினமாம். பழைய மரத்தையே ஒட்டித் திருத்தோணும்" என்றார் முதல் நாள்.

"எத்தினை கண்ணாடி?"

"மேலை ஆறு, கீழை ஆறு."

"மேல் பாதி அசையுமோ, இறுக்கினதோ?"

"அதைப் பாக்கேல்லை."

நான் பார்த்திருப்பேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

தினமும் தலையில் சுண்ணாம்புத் தூளோடு வருவார். தேத்தண்ணீர் குடித்தபடி எனக்குப் பாடம் எடுப்பார். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு யன்னல், மேல்மாடியில் வரிசையாக ஐந்து. செங்கல் அந்தக் காணியின் களிமண்ணில் சுட்டது. உட்சுவர்ப் பூச்சில் குதிரை மயிர். வீட்டுக்காரக் கிழவி பின்பக்கத்துக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தன் கணவனின் பரம்பரைக் கதையெல்லாம் சொல்வாராம். எனக்கு வயிறு எரியும். போருக்குள் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கூரை மிஞ்சியிருக்கிறதா என்றே தெரியாத வருடங்கள் அவை. இங்கே ஓர் உக்கிய யன்னலுக்குச் சட்டம் காவல் நின்றது. ஆனால் அதைவிட எரிந்தது, அந்தச் சுவரைத் தொட்டது என் கையல்ல, அவர் கை என்பதுதான்.

அவர் இல்லாத நேரம், அவர் சொன்னதை வைத்துக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்து பார்த்தேன். படிக்கட்டு எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. தாளை மடித்து மெத்தைக்கடியில் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். "ஒருக்கா வாருமன். அந்த மனிசியும் உம்மைப் பாக்கோணுமாம்."

கிழவி எங்களை வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். கிழவி சொல்வதற்கு முதல் என் கணவர் சொன்னார். "இந்தச் செங்கல் வீடுதான் முதல் கட்டினது. மரக்குசினி பிறகு, வேலைக்காரருக்கெண்டு ஒட்டினது." அதையே கிழவி ஆங்கிலத்தில் சொல்லித் தலையாட்டினார். அவர்கள் குடும்பத்தில் எப்போதும் சொல்லிவந்த கதை அது.

குசினிக்கு மேலே பரண் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டு, ரோச் லைற்றோடு ஏணியில் ஏறினேன். பெரிய வீட்டின் செங்கற்சுவர் அங்கே எனக்கு நேரே நின்றது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து பிதுங்கி, வழித்துவிடப்படாமல் அப்படியே காய்ந்திருந்தது. வெளிச்சுவரை எந்த மேசனும் அப்படி விட்டுப் போகமாட்டான். இந்தப் பக்கம் அவனால் கையை நீட்ட முடியவில்லை. அவன் கல் அடுக்கும்போது குசினியும் அதன் கூரையும் ஏற்கெனவே அங்கே நின்றிருக்கின்றன.

இறங்கிவந்து பஸ்ஸில் வைத்து என் கணவருக்குச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. பொறுக்க விருப்பமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கிழவியிடம் சொன்னேன்: குசினிதான் மூத்தது. குடும்பம் முதலில் அதற்குள்தான் இருந்திருக்கிறது. செங்கல் வீடு வசதி வந்த பிறகு கட்டியது. "இவர் சொன்னது பிழை" என்றும் சேர்த்துச் சொன்னேன். அது தேவையில்லாத வசனம்.

கிழவி அவரை ஏறிப் பார்க்கச் சொன்னார். அவர் நெடுநேரம் மேலே நின்றார். இறங்கிவந்து, "ஓம்" என்றார், என்னைப் பார்த்துத் தமிழில். கிழவி குசினிக் கதிரையில் அமர்ந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். "இதற்குள்ளா அத்தனை பிள்ளைகளையும் வளர்த்தார்கள்?" என்று கேட்டார். பிறகு, நகரசபைக்குக் கொடுக்க வீட்டை அளந்து வரைந்து தருவாயா என்று என்னிடம் கேட்டார்.

பஸ்ஸில் அவர் கேட்டார். "எனக்கு முதல் சொல்லியிருக்கலாமே?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"எரிச்சலாக் கிடந்தது."

"வீட்டிலையோ, என்னிலையோ?"

"ரெண்டிலையும்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அளவு நாடாவின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். அளவைச் சொல்வார், வேறொன்றும் சொல்லமாட்டார். யன்னலின் மேல் பாதி அசையாது என்று நானே தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படங்களைப் பார்த்த தச்சர் எனக்கும் வரையும் வேலை தந்தார். இரண்டாவது குளிர்காலத்தில் தொழிற்சாலையை விட்டேன். என் கணவர் ஒஷாவா நகரம் வரை போய்ப் பழைய வீடுகள் திருத்தினார். "இண்டைக்கு என்ன வீடு?" என்று கேட்பேன். "பழைய வீடு" என்பார்.

என் படத்தில் ஏதாவது விளங்காவிட்டால் தச்சரிடம் கேட்பார். இருவரும் தாளை விரித்து வைத்துக் குனிந்து நின்று கதைப்பதை ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்தேன். முன்பு எனக்குப் பாடம் எடுத்ததுபோல என் கணவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தச்சர்மேல் எனக்கு வந்ததும் பொறாமைதான். கிட்டப் போகாமல் அங்கேயே நின்றேன்.