பதினான்காம் வரி

திருப்பதியில் எனக்குக் கிடைத்த முதல் கம்ப்யூட்டர் வேலை அது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நைனா, மகன் இனி வெயிலில் நிற்க வேண்டாம் என்று எங்கள் ஊர் புத்தலப்பட்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆறாவது மாதக் கடைசியில் என் கொழுப்பு அத்தனையையும் கெடுக்கப் பார்த்தது.

மேனேஜர் என் புரோகிராமை மூன்று முறை மாற்றி எழுதச் சொன்னார். மூன்றாவது முறை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸில் எல்லாரும் தெலுங்குதானே பேசுகிறார்கள், தமிழ் யாருக்குத் தெரியப்போகிறது? பதினான்காம் வரியில், குறிப்பு எழுதுவது போல, தமிழில் தட்டினேன்: 'இந்த எருமை இன்னொரு முறை மாற்றச் சொன்னால், அதுவே எழுதிக்கொள்ளட்டும்.' குறிப்பு வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது என்ற தைரியத்தில், மறுபடி ஓட்டிப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, எல்லாருடைய பகுதிகளையும் சேர்த்து ஓட்டினார். புரோகிராமை ஓட்டும் பைத்தான் ஒவ்வொரு ஃபைலாகத் தேடி எடுத்தது. என்னுடையதைத் திறந்ததும் நின்றுவிட்டது. இந்த எழுத்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு இல்லை, பதினான்காம் வரியைப் பார் என்றது. நான் தட்டியது பழைய தமிழ் ஃபான்ட்டில். குறிப்பானாலும் எழுத்து சரியா என்று அது பார்க்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜருக்கு அவர் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"துன்னுட்டேன் நைனா. பிச்சாட்டூர் டேம்ல தண்ணி வந்துக்கினு இருக்குதா?"

இவரும் தமிழ் பேசும் நம்ம ஆள்தானா! போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாபா இது?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை. பதினான்காம் வரி முழுக்கக் கொம்பும் புள்ளியும் வைத்த இங்கிலீஷ் எழுத்துகள். எருமை எங்கேயும் இல்லை. அந்தக் குப்பையைக் கும்பிடலாம் போலிருந்தது.

"தமிழ்ல ஒரு குறிப்பு சார். மறுபடி மாத்தணும்னா ஞாபகத்துக்கு."

"மாத்தவே வாணாம், நல்லாத்தான் கீது." வரியை அழித்தார். புரோகிராம் ஓடியது. "நாளைக்கு வந்து பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கோ. இனிமே யூனிகோட்ல எழுது, நானும் படிப்பேன் இல்ல?"

வெளியே வந்து நைனாவுக்கு போன் போட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு மேனேஜர் மீது கோபம் வந்தபோதெல்லாம், நேரே அவர் மேஜைக்குப் போய்த் தமிழிலேயே சண்டை போட்டேன்.