ஃப்ரிட்ஜை அணைத்த அத்தை

நெட்டுக்குப்பத்தில் எங்கள் வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஊருக்கே கரண்ட் இங்கிருந்துதான் போகிறது என்று எங்களுக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டு டியூப்லைட் மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கி முதல் ஃப்ரிட்ஜ் புகைந்துபோனதால், அடுத்ததோடு அப்பா ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி மாட்டினார். அம்மா அதற்கும் குங்குமம் வைத்தாள். இனி ஒரு பயமும் இல்லை என்று அப்பா சொன்னதை நாங்கள் முழுசாக நம்பினோம்.

அத்தை வந்த மாதத்திலிருந்து பால் திரிய ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ அணைக்கிறார்கள் என்றார். அம்மாவின் பார்வை நேராக அத்தை மேல் போனது. அவள் அப்பாவின் அக்கா. கொருக்குப்பேட்டையில் மாமா மாரடைப்பில் தவறிய பிறகு எங்களோடு இருந்தாள். போக வேறு வீடில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் பகலில் அவள் ஒருத்திதான். எல்லாம் வயிற்றெரிச்சல் என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். துப்புத் துலக்கும் வேலை எட்டு வயதான எனக்கு வந்தது.

ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து நழுவி வந்து ஜன்னல் வழியே பார்த்தேன். அத்தை அப்பாவின் ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது பெருங்குற்றம். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். எட்ட நின்று ஒரு விரலால் ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள். காலடி கேட்காமல் இருக்கத்தான் செருப்பு என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இன்னாத்துக்கு அண்ணி ஆஃப் பண்றீங்க?" என்றாள் அம்மா.

"பயமா கீதும்மா."

"அதான் ஸ்டெபிலைசர் கீதேக்கா," என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அத்தை அந்த வாரமே வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரர் வீட்டில் தங்கிச் சமைக்கப் போய்விட்டாள். போகும்போது என் காலுக்குச் சரியாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கொடுத்தாள். "ஃப்ரிட்ஜ்ல தண்ணி எடுக்கசொல்ல இத்த போட்டுக்கோடி கண்ணு." லஞ்சம் கொடுக்கிறாள் என்று நினைத்துக் குப்பையில் வீசினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பல வருடம் கழித்து வயரிங் மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "லீக்காவுற கரண்ட்ட மண்ணுல எறக்குற எர்த்தே இல்லாம ஓட்டிக்கினு கீறீங்க. ஸ்டெபிலைசர் ஃப்ரிட்ஜ் பொட்டியத்தான் காப்பாத்தும், ஆள காப்பாத்தாது." மாமா செத்த கதையை அப்பா அன்றைக்குத்தான் எங்களிடம் முழுசாகச் சொன்னார். மாமா ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் விழுந்தாராம். கரண்ட் இழுத்துவிட்டது என்று அத்தை அழுததை, துக்கத்தில் உளறுகிறாள் என்று எல்லோரும் தள்ளிவிட்டார்களாம்.

பள்ளி விட்டு வந்ததும் கைகால் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறப்பது என் வழக்கம். அத்தை இருந்தவரை உள்ளே விளக்கு எரிந்ததே இல்லை. அவள் போன மறுநாள் அதே ஈரக் கையோடு திறந்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.