இரண்டு அட்டையிலும் பதினாலு

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஊரிகம் மைதானத்தில் பொங்கல் விளையாட்டு விழா நடந்த சாயங்காலம், அத்தனை பேரையும் தோற்கடித்து என் சித்தப்பா கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டார். பரிசு ஒரு புது சைக்கிள். மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. சித்தப்பாவுக்கு பெங்களூரில் வேலை. ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து ரயிலைப் பிடிக்க தினமும் ஓட்டமும் நடையுமாகப் போவார். அன்று அந்த சைக்கிளை அவர் பார்த்த மாதிரி சித்தியைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆட்டம் இதுதான். தகர டப்பாவுக்குள் ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிய வில்லைகள். மேடையில் நான்கு அட்டைகள். ஒன்றில் இரட்டைப்படை எண்கள் பத்து. அடுத்ததில் பதின்மூன்று முதல் இருபது வரை எட்டு. மூன்றாவதில் ஒன்று முதல் எட்டு வரை. கடைசியில் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது மட்டும். இரண்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம். டப்பாவிலிருந்து வரும் எண் அவற்றில் எதிலாவது இருந்தால் சைக்கிள் நமக்கு. துணைக்கு வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிடலாம் என்று மைக் பிடித்தவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மேடையில் நின்றேன். எனக்குப் பத்து வயது.

சித்தப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். இரட்டைப்படை அட்டையையும் பதின்மூன்று முதல் இருபது அட்டையையும் காட்டி என் காதில் சொன்னார்.

“பத்தும் எட்டும் பதினெட்டு. ரெண்டே நம்பர்தான் நமக்கு ஆவாது. இன்னா சொல்ற?”

பதினெட்டு என்றதும் எனக்கும் தலைகால் புரியவில்லை. சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு அட்டைகளை இன்னொரு முறை பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முதல் அட்டையில் பதினாலு. இரண்டாவதிலும் பதினாலு. பதினாறு, பதினெட்டு, இருபதும் அப்படியே. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“சித்தப்பா, பதினாலு ரெண்டு அட்டையிலயும் கீது. டப்பாவுல ஒரே பதினாலுதானே கீது? நீங்க ரெண்டு தபா எண்ணிட்டீங்க.”

அவர் உதடு அசைய எண்ணிப் பார்த்தார். பதினெட்டில் நாலு போய்ப் பதினாலுதான் மிஞ்சியது. மைக் பிடித்தவர் ‘பேக, பேக’ என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். கீழே எல்லோரும் ஆளுக்கொரு அட்டையின் பேரைக் கத்தினார்கள். நான் ஒன்று முதல் எட்டையும் பதின்மூன்று முதல் இருபதையும் தொட்டுக் காட்டினேன். ஒன்றில் இருக்கும் எண் எதுவும் மற்றதில் இல்லை. எட்டும் எட்டும் முழுசாகப் பதினாறு. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு மட்டும் வரக் கூடாது.

சித்தப்பா என்னைப் பார்த்தார், அட்டைகளைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு நான் தொட்ட இரண்டையும் கையில் எடுத்தார். கூட்டத்திலிருந்து யாரோ, பெரிய அட்டையை விட்டுவிட்டு சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்கிறானே என்று சத்தம் போட்டார். சித்தப்பா திரும்பவே இல்லை.

டப்பாவைக் குலுக்கினார்கள். வில்லையை எடுத்தவர் விளக்குப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் படித்தார். பத்து.

சித்தப்பா எடுக்காமல் விட்ட இரட்டைப்படை அட்டையில் அந்தப் பத்து நன்றாகத் தெரிந்தது. மைதானமே அதைச் சுட்டிக்காட்டியது. நான் அழ ஆரம்பித்தேன்.

சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். முகத்தில் வருத்தமே இல்லை. வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி, பதினாலு இரண்டு அட்டையில் இருந்ததையும் அதை நான் கண்டுபிடித்ததையும் ஆர்ப்பாட்டமாகச் சொன்னார். வீட்டில் சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “கணக்கு சரி. நாளைக்குக் கூப்ட்டாலும் அதே ரெண்டு அட்டைதான் எடுப்பேன்” என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படி நடிக்கிறார் என்று அன்று நினைத்தேன். அவர் நடிக்கவில்லை. பதினாறுக்குச் சரி என்று தலையாட்டியபோதே மீதி நாலில் ஒன்று வரலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் அவர் தலையாட்டியிருந்தார். நான் பதினாறை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.