ஒன்றை எடுத்தால் மொத்தமும் திறக்காது

குடிதண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து ரெஜினாவின் தம்பி போன் செய்தார். ரயில்வேயில் வேலை செய்கிறவர், எப்போதும் உரக்கப் பேசுகிறவர். அன்று குரலே எழும்பவில்லை. "அக்கா போய்ட்டாங்க கஸ்தூரிக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வேலூர் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "யாரு, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட டைப் அடிக்குமே, அந்தம்மாவா? ஐயோ பாவம்" என்றாள். பாவமாம்! அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "பாவம் கீவம்னு சொல்லாத. நம்ம கிணத்தைத் தூக்கினு போய் ஆபீசருங்க கண்ணு முன்னால வெச்சவ அவ" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

ரெஜினாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் ஒரு சிலுவை, வருகிறவர்களுக்கு உட்கார ஒரே ஒரு ஸ்டூல். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்துவிட்டு நின்றவள். எங்கள் ஊர் பாலாற்றை ஒட்டியது. கிணற்றில் வாளி விட்டால் நுரையோடுதான் மேலே வரும். பக்கத்தில் தோல் பதனிடுகிற டேனரியை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்று கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தபோது, ஊர்க் கமிட்டி என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து அனுப்பியது. தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டுகள், பழைய மனுக்கள், போட்டோக்கள், போனில் எடுத்த பேச்சுகள். அத்தனையையும் ஸ்டூலில் கொட்டினேன். ரெஜினா ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிணறு எங்க? கிணத்தைக் காணோமே. நாளைக்கு நானே வந்து வீடியோ எடுக்கறேன்" என்றாள். சொன்னபடி மறுநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

முதல் கூட்டத்தில் நடந்த அசிங்கத்தை மறைக்க மாட்டேன். ரெஜினா பக்கம் பக்கமாகத் திரையில் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் தயாரித்து, வீடியோக்களையும் தமிழ் ஃபான்ட்டையும் தனியாக அதே ஃபோல்டரில் வைத்திருந்தாள். "ஃபோல்டரோட எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஒரு சாவுக்குப் போனாள். எனக்குப் பஸ் போய்விடுமோ என்ற பதற்றம். எங்கள் ஊர் பெயர் போட்ட அந்த ஒரு ஃபைலை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். கூட்டத்தில் திரையைப் போட்டால், தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. வீடியோ வர வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம். நான் தட்டத் தட்ட, 'கிடைக்கவில்லை' என்றே வந்துகொண்டிருந்தது. டேனரிக் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, "இன்னாம்மா, கிணறே காணாமப் போய்டுச்சா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கு எங்கள் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவே இல்லை.

நேராகக் கடைக்குப் போய் ரெஜினாவைக் கண்டபடி திட்டினேன். தப்பு என்னுடையது என்று எனக்கே தெரியும், அதனால்தான் அவ்வளவு சத்தம். அவள் எழுந்து போய் டீ வாங்கிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நீ விட்டுட்டுப் போனது தப்பில்ல கஸ்தூரி. விட்டுட்டுப் போற மாதிரி நான் செஞ்சு வெச்சேன் பாரு, அது தப்பு. கட்டுச்சோறு கட்டறவ, போற இடத்துல போய் உப்பு கேக்கக் கூடாது."

அந்த ஒரு வாரம் கடையில் வேறு வேலையே நடக்கவில்லை. சீட்டுகளை ஸ்கேன் செய்தாள். எழுத்து, போட்டோ, குரல், வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் அடக்கினாள். இன்டர்நெட் வேண்டாம், வேறு எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம், இரண்டு தட்டு தட்டினால் திறந்து தானாக ஓட வேண்டும் என்பது அவள் கணக்கு. நான் அசந்துபோய், "ஆச்சா?" என்றால், "இன்னும் இல்ல. என் மெஷின்ல திறக்கறது திறந்ததாவே சேராது" என்பாள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போவாள். அங்கே பில் போடுகிற ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு எங்கள் ஃபைலைத் திறப்பாள். கடைக்காரர், "இன்னாம்மா, தினம் இதே பேஜாரா இருக்குது" என்று தலையில் அடித்துக்கொள்வார். நான்கு முறை திறக்கவில்லை. ஐந்தாவது முறை திறந்தது. பாத்திரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று எங்கள் கிணற்றைப் பார்த்தார்கள். கடைக்காரரும் பில்லை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, இரண்டாம் கூட்டத்துக்கு முன்னால் கம்பெனி ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். ரெஜினாவுக்கு டைப்பிங் வேலை ஜாஸ்தி கொடுப்பது அந்தக் கம்பெனிதான். மரியாதையாகவே பேசினார். "எல்லாம் இருக்கட்டும்மா. அந்தக் கிணத்து வீடியோ ஒண்ண மட்டும் எடுத்துடுங்க. நம்ம பழக்கத்துக்காகக் கேக்கறேன்" என்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ரெஜினா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "முடியாதே சார். எல்லாம் ஒரே ஃபைலு. ஒண்ண எடுத்தா மொத்தமும் திறக்காது" என்றாள். அவர் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் கேட்டேன், "நெசமாவா?" சிரித்தாள். "பொய்தான். ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்." அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு தாள்கூட டைப்புக்கு வரவில்லை. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

இரண்டாம் கூட்டத்தில் ஃபைல் திறந்தது. முன்பு சிரித்த அதே கூடம்தான். திரையில் நான் வாளியை இழுக்கிறேன், நுரை வழிகிறது, கேமராவுக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் கேட்கிறது: "கஸ்தூரி, கிட்ட காட்டு. இன்னும் கிட்ட." யாரும் சிரிக்கவில்லை. புதிய பரிசோதனைச் சீட்டையும் சேர்த்துக் கொண்டுவரும்படி சொல்லி, முடிவு எடுக்காமல் ஒத்திவைத்தார்கள். அந்த அடுத்த கூட்டத்தைப் பார்க்கத்தான் அவள் இல்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதே ஒருவர் அக்கறையாகச் சொன்னார், "இனிமே யாரு செய்வா? விட்டுடுங்கம்மா." அவர் பேச்சு முடிவதற்குள் அவள் தம்பியிடம் கடைச் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஷூவுக்குத் தைத்த கைக்கு மவுஸ் பிடிக்க வராதா? தட்டுத் தடுமாறி மூன்று நாள் உட்கார்ந்தேன். புதிய சீட்டைச் சேர்த்தேன். பாத்திரக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து, தானே ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒதுங்கி நின்றார். முதல் முறை திறக்கவில்லை. அங்கேயே நின்று, "திறக்கறியா இல்லையாடி" என்று அவளைத்தான் திட்டினேன். மூன்றாம் முறை திறந்தது.

நேற்று கமிட்டியில் எல்லோரும் உட்கார்ந்து ஃபைலைப் பார்த்தோம். கிணறு வந்தது, வாளி வந்தது, அவள் குரலும் வந்தது. தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கஸ்தூரி, செத்தவங்க குரலு. கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. கூட்டத்துக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? அத மட்டும் எடுத்துடலாமே." நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எடுப்பது எப்படி என்று இப்போது எனக்கும் தெரியும். இரண்டு நிமிட வேலை.

அந்தக் கடையிலிருந்து நான் எனக்கென்று எடுத்துவந்தது ஒரே ஒரு பொய். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"முடியாதுங்க. ஒண்ண எடுத்தா மொத்தமும் திறக்காது."