மலிவு ரைபிளில் துரு

அபுதாபி பக்கம் அல் ஐனில், துப்பாக்கி சுடப் பழக்குகிற ஒரு கிளப்பில், ஆயுத ஸ்டோரில் எனக்கு டூட்டி. ஊரில் லேத் பட்டறையில் கிடந்தவன். எந்த இரும்பைப் பார்த்தாலும் அதில் ஒரு குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

புதிதாகப் பழக வருகிறவர்களுக்கென்று எங்கள் அரபி மேனேஜர் ஐந்து மலிவு ரைபிள் வாங்கிப் போட்டார். "இந்த விலைக்கு விளக்குமாறுகூட உருப்படியாக வராதே" என்று வாயை விட்டுவிட்டேன். மனுஷன் முறைத்தார். "செக் பண்ணு. குறை கண்டுபிடித்தால் நீதான் ஸ்டோர் இன்சார்ஜ். இல்லையென்றால் கலாஸ், வாயைத் திறக்காதே" என்றார். இன்சார்ஜ் ஆனால் ஃபேமிலி விசா! மூன்று வருஷமாகப் போனிலேயே குடித்தனம் நடத்துகிற என் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிடலாம். விடுவேனா?

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன். உள்ளே குண்டு இல்லையென்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்தேன். மலிவுச் சரக்கில் குறி பார்க்கிற முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இதில் சனியன் நேராக நின்றது. கட்டையில் விரிசல் இருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஸ்குரூ ஆடவில்லை. விசையாவது கரகரக்கும் என்று பார்த்தால், பாழாய்ப்போனது வழுக்கிக்கொண்டு போனது.

கடைசியாகக் குழல். துடைக்கிற கம்பி நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். அடி சக்கை! துணியில் செம்பழுப்புக் கறை. துரு! ஐந்திலும் துரு! முதல் ரைபிளில் திட்டுத்திட்டாக இருந்தது, ஐந்தாவதில் லேசாகத்தான் இருந்தது. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். மேனேஜர் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "நாளைக்கே திருப்பி அனுப்பலாம், இன்சார்ஜ் பாய்" என்றார்.

ஸ்டோருக்குத் திரும்பி மூக்கைச் சொறிந்தேன். கையில் சந்தன வாசம். அடப்பாவி! முந்தின நாள் ஆயுத பூஜை. மேனேஜர் வருவதற்குள் ஸ்பானருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் அந்தக் கம்பி நுனிக்கும் அவசர அவசரமாகச் சந்தனம் குங்குமம் வைத்ததே நான்தான்.

சொல்லாவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. நல்ல ரைபிள் திரும்பிப் போகும், பெண்டாட்டி வந்து இறங்குவாள். மேனேஜர் அறை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாவது தடவை உள்ளே போய்க் கொட்டிவிட்டேன். துரு மாஃபி, துருவே இல்லை, எல்லாம் என் கைவேலை என்றேன்.

அவர் துணியை மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மேசை ஆடியது. "குறை கண்டுபிடித்தால் இன்சார்ஜ் என்றுதானே சொன்னேன்? கண்டுபிடித்துவிட்டாயே, ரைபிளில் இல்லை, உன் கையில்!" என்று ஸ்டோர் சாவியை நீட்டினார். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த செக்கிங் தாளை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினார்: முதலில் கையைக் கழுவு.

பெண்டாட்டிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கையைக் கழுவிட்டு எதையும் தொடுங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து கத்துறேன். அதுக்கு அந்த மேனேஜர்தான் வரணுமா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.