கையும் கத்தியும் வாயும்

அந்தச் சீன எழுத்தை என் வகுப்புத் தோழி என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். இடப்பக்கம் ஒரு கை. வலப்பக்கம் மேலே கத்தி, கீழே வாய். மூன்றும் சேர்ந்தால் ‘கூப்பிடு’ என்று பொருள். பக்கத்தில் ‘தம்பி’ என்ற எழுத்தையும் போட்டால் அவள் பெயர். தம்பியை அழைத்து வரட்டும் என்று பெண் குழந்தைக்கு அப்படி வைப்பார்களாம். மாத்தளைக் கடைவீதிக்குப் பின்னால் குடியிருந்த சீனத் துணி வியாபாரியின் மூத்த மகள் அவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவது பெண்ணாகப் பிறந்த எனக்கும் ‘போதும்’ என்று பொருள்படும் பெயர்தான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் அவள் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. தேடிப் போனேன். அவள் அப்பா துணி அளக்கும் கஜக்கோலால் அவளை அடித்துக்கொண்டிருந்தார். முதுகில், முழங்காலில், முகத்தை மூடிய விரல்களில். உள்ளே அவள் அம்மா பச்சைக் குழந்தையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்றாவதும் பெண்.

“இவ ஒழுங்காக் கூப்பிடல்ல,” என்றார் என்னிடம், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் துணி விற்றுப் பழகிய தமிழில். “இனி ஸ்கூல் இல்ல. என்னோட மூட்டை தூக்கட்டும்.”

“வகுப்புல ரெண்டாவது இவதான், முதலாளி! பரீட்சை எழுதட்டும்!”

கோல் மறுபடி உயர்ந்தது. குறுக்கே பாய்ந்தேன். அது என் இடது காதில் இறங்கியது. அவர் மணிக்கட்டைக் கடித்தேன்; வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. கோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தேன்.

அவர் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. மணிக்கட்டைச் சட்டையில் துடைத்தார்.

“உனக்குப் பின்னால தம்பி வந்தான். அவனுக்கு மொதச் சட்டைத்துணி நான்தான் குடுத்தேன். அந்தச் சந்தோசத்துலதான் ஒங்கப்பா ஒன்னய ஸ்கூல் அனுப்பினான். இவ யாரக் கொண்டாந்தா?”

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் மூளைதான் அனுப்பியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டில் என் அம்மா என் காதைக் கழுவிவிட்டாள்.

“அந்தாளு சொன்னது நெசமாம்மா?”

“நெசந்தான். அவன் பொறக்காட்டி நீயும் அக்காமாரோட கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போயிருப்ப. தலையத் திருப்பு.”

ஒரு காது கேளாமலே பரீட்சை எழுதினேன். சித்தியடைந்தேன். முடிவு வந்த வாரம் துணி வியாபாரியின் சைக்கிள் எங்கள் லயத்து மேட்டில் ஏறியது. அவர் முன்னால் உருட்ட, அவள் முதுகில் மூட்டையோடு பின்னால் வந்தாள். அடிபட்ட விரல்களில் இரண்டு கோணலாக ஒட்டியிருந்தன.

“பொடவ, சட்டைத்துணி!” என்று கூவினாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் குரலுக்கு முதலில் ஓடியவன் என் தம்பி.