கேன்டீனில் தியானம்

அந்தத் தியான வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது நாற்றம்தான். காலையிலிருந்து சேஃப்டி ஷூவுக்குள் வெந்துபோன கால்களை வெளியே எடுத்து, அறுபது பேர் ஈர சாக்ஸோடு கேன்டீன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? கூடவே மதியச் சாம்பாரின் புளித்த வாடை. "நல்லா ஆழமா மூச்ச இழுங்க" என்பார் குரு. எதை இழுப்பது? எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை அச்சின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கிற இரும்பு இறங்கி அடிக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருப்பதால் எந்தக் கையும் அடியில் மாட்டாது. அதுதான் ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. ஆகவே எங்கள் சூப்பர்வைசர் ஒரு பொத்தானின் இடுக்கில் ரப்பர் துண்டைச் செருகி, அது அமுங்கியபடியே நிற்கும்படி செய்துவிடுவார். ஒரு கை அழுத்தும், இன்னொரு கை அடுத்த தகட்டை வைக்கும். எல்லா ஷிப்டிலும் இதுதான் வழக்கம். எல்லோருக்கும் தெரியும், கேட்டால் யாருக்கும் தெரியாது.

அப்படி ஓட்டும்போதுதான் தளி என்கிற ஊர்ப்பக்கத்து ஆபரேட்டர் ஒருவருக்கு வலது கை ஆள்காட்டி விரல் போனது. கம்பெனி கூடிப் பேசிக் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? கவனச்சிதறல்! ஆபரேட்டர்களுக்கு வீட்டுக் கவலை அதிகமாம், மனசு ஓரிடத்தில் நிற்பதில்லையாம். அதற்கு மருந்து தியானமாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. பெங்களூரிலிருந்து வெள்ளை ஜிப்பாவில் ஒருவரை வரவழைத்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்ததும் வகுப்பு. அது முடிகிறவரை கம்பெனி பஸ் கிளம்பாது.

தளிக்காரருக்குப் பிறகு அந்தப் பிரஸ்ஸில் நிறுத்தப்பட்டவன் நான். இரத்தத்தைக் கழுவிவிட்டவர்கள் ரப்பரை எடுக்கவில்லை. ஒவ்வொரு தகட்டையும் வைத்துவிட்டு, இழுத்த கையில் விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். என் கை, என் சோறு இரண்டும் அந்தத் துண்டு ரப்பரில் மாட்டிக்கொண்டு நின்றன. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கை தூக்கித் தூக்கிப் போடும். தூக்கம் என்பதே போய்விட்டது.

சரி, தலையில் கட்டிய சனியனைக் கற்றுக்கொண்டாவது தூங்கித் தொலைக்கலாம் என்று வீட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. கண்ணை மூடினால் பக்கத்து வீட்டுக் கன்னட சீரியல் காதுக்குள் ஓடும். என் மனைவிக்கு நான் சம்மணம் போட்டாலே சிரிப்பு.

"என்னங்க சாமி, வரம் ஏதாச்சும் கெடச்சுதா? தண்ணி லாரி வந்துருச்சு, கொடத்த எடுத்துக்கிட்டு ஓடுங்க."

ஓடுவேன். ஜிப்பாக்காரர் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வராது போலிருக்கிறது.

வகுப்பில் குரு, "ஆராமா இருங்க. தோள லூசா விடுங்க. இப்ப நீங்க ஆத்தங்கரையில இருக்கீங்க" என்று தேன் ஒழுகப் பேசுவார். ஆற்றங்கரையில் பாதிப்பேர் தூங்கிவிடுவோம். குறட்டை விடுகிறவனை சூப்பர்வைசர் வரிசைக்குள் நடந்து வந்து ஷூ காலால் தட்டுவார். நிம்மதிக்கும் ஒரு மேஸ்திரி! சீ, என்ன பிழைப்பு இது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. சில நாட்கள் மூச்சு மெல்ல அடங்கும், தோள் தானாக இறங்கும். அது வந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பயம் அடங்கிவிட்டால், நாளைக்குக் காலையில் நானே சிரித்துக்கொண்டு போய்க் கையை விடுவேனே!

காயம் ஆறி தளிக்காரர் திரும்பி வந்தார். வாசல் கேட்டில் காவலுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவரும் வகுப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு. முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

குரு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு கையையும் முட்டி மேல வைங்க. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேருங்க."

தளிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், எனக்கு வலது கையில அது இல்லீங்க சார்."

பின்னால் எவனோ சிரித்தான். குரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அதே தேன் குரலில், "பரவால்லீங்க. இருக்கிற மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார்.

தளிக்காரர் நினைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டை விரலை வளைத்து, இல்லாத விரலைத் தொடுவதுபோல அசையாமல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கண்ணை மூடினார். என் வாயெல்லாம் கசந்தது. எழுந்தேன்.

"எங்கப்பா போற?" என்றார் சூப்பர்வைசர்.

"துப்பிட்டு வர்றேன் சார்."

மறுநாள் ஷிப்ட் தொடங்கியதும் ஸ்க்ரூ டிரைவரால் ரப்பரை நெம்பி எடுத்துக் குப்பையில் எறிந்தேன். இரண்டு கையாலும் ஓட்டினேன். மதியம் சூப்பர்வைசர் வந்து, அடித்த தகடுகளைப் போடும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது? டார்கெட்டுல பாதிகூட வரல?"

"வந்த மாதிரி நெனச்சுக்கோங்க சார்."

என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலை, ஓவர்டைம் கிடையாது. "வாயி சும்மா இருக்காதா உங்களுக்கு?" என்று மனைவி சத்தம் போட்டாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அன்றைக்கு நான் தூங்கினேன். எந்த ஆற்றங்கரையும் தேவைப்படவில்லை.

என் இடத்துக்கு உத்தனப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர், தக்காளி விவசாயத்தில் நொடித்துப்போய் கம்பெனிக்கு வந்தவர். ரப்பர் பழையபடி ஏறியது. "அண்ணே, அத எடுத்துப் போட்டுருங்க" என்று சொன்னேன்.

"எடுத்தா வேலை போயிருமேப்பா. எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார்.

வகுப்பில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கண்ணை மூடச் சொன்னார் குரு. எல்லோரும் மூடினார்கள். அவருடைய ஆள்காட்டி விரல் கட்டை விரலோடு அழகாகச் சேர்ந்திருந்தது. நான் கண்ணை மூடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.